கற்றலும் கூடுதலும்: தமிழ்க் கத்தோலிக்க வினாவிடை நூல்கள் உருவாக்கிய கற்போர் குழாம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் அச்சேறிய முதல் நூல்கள் கத்தோலிக்க மறைக்கல்வி நூல்களே. அச்சு வரலாறு, உரைநடை வளர்ச்சி, மதமாற்றம் ஆகிய மூன்று நோக்குகளில் இவை பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. இந்நூல்களின் வடிவம் தனித்த வாசகரை அன்றிக் கூடிக் கற்கும் குழாம் ஒன்றை முன்னிறுத்துகிறது என்பது இம்மூன்றிலும் போதிய கவனம் பெறவில்லை. கத்தோலிக்க மறையை அறிய விரும்புவோர் நூலோடு நின்றுவிடாமல் குழுவை ஏன் நாடுகின்றனர் என்னும் வினாவுக்கு இவ்வடிவத்திலேயே விடை உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். நன்னூல் கூறும் கற்றல் நெறி, சவேரியார் கடிதங்கள், என்றிக்கே என்றீக்கசு, தத்துவ போதகர், வீரமாமுனிவர் ஆகியோரின் நூல்கள், தென்சென்னையின் மயிலை, அடையாறு, பெசன்ட் நகர்ச் சூழல் ஆகியவற்றைக் கொண்டு இவ்வாதம் நிறுவப்படுகிறது. இக்குழாத்தின் குறைகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறைக்கல்வி, குறிப்பிடம், வினாவிடை, வேதியர், நன்னூல், மயிலாப்பூர், சாந்தோம்

முன்னுரை

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இரண்டையும் ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றீக்கசு. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல் தமிழ் நூல் என்ற பெருமிதம் தமிழியல் ஆய்வில் அடிக்கடி ஒலிக்கிறது. பெருமிதம் நியாயமானதே. ஆயினும் அது ஒரு பார்வைக் குறையையும் உடன் கொண்டுவந்துள்ளது. எழுத்துரு, தாள், அச்சகம், பிரதிகளின் இருப்பிடம் ஆகியன குறித்து மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. அந்நூல் எவ்வாறு பயன்பட்டது, அதைக் கையில் வைத்திருந்தவர் யார், அவரைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் யாவர் என்பன பின்தள்ளப்பட்டன.

பதினாறாம் நூற்றாண்டின் கடற்கரை ஊர்களில் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. எனவே அச்சு நூல் தனித்த வாசகரின் கைக்குச் சென்றது என்று கொள்வது பிற்காலப் பழக்கத்தை முற்காலத்தின் மேல் ஏற்றுவதாகும். நூல் ஒருவர் கையில் இருந்தது. பாடம் பலர் வாயில் இருந்தது. இந்த எளிய உண்மையிலிருந்து தொடங்கினால், மறைக்கல்வி நூல்களைத் திறனாயும் முறையே மாறவேண்டியிருக்கும்.

1. வினாவிடை என்னும் வடிவம்

'கிரிசித்தியானி வணக்கம்' போர்த்துக்கீசியத் துறவி மார்க்கோசு சோர்சு இயற்றிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம். ஆசிரியர் வினவ, மாணாக்கர் விடையிறுக்கும் உரையாடலாக அமைந்தது. பின்னாளில் தமிழ்க் கத்தோலிக்கர் 'குறிப்பிடம்' என்றும் 'சின்னக் குறிப்பிடம்' என்றும் வழங்கிய சிறு நூல்களும் இவ்வடிவத்தையே மேற்கொண்டன.

இவ்வடிவத்தை உரைநடை வரலாற்றாசிரியர்கள் எளிமை கருதி அமைந்த ஒன்றாகவே மதிப்பிடுவர். எளிமை உண்டு, ஆனால் அதற்கு மேலும் ஒன்று உண்டு. கட்டுரை வடிவ நூல் ஒரு குரலில் முடிந்துவிடும். வினாவிடை நூலுக்கு இரண்டு குரல் வேண்டும். தனியே அமர்ந்து படிப்பவரும் ஒரு குரலைத் தம் மனத்துள் வேறொருவருக்குக் கொடுத்தே படிக்கவேண்டும். ஆகவே இந்நூல் தன்னளவில் நிறைவு பெறுவதில்லை. கேட்க ஒருவரும் சொல்ல ஒருவரும் கூடும்போதே நிறைவுறுகிறது. நாடகப் பிரதிக்கும் மேடைக்கும் உள்ள உறவு இதற்கும் குழாத்துக்கும் உண்டு.

இவ்வடிவத்தின் ஆற்றலைப் பிற சமயத்தாரும் உணர்ந்தனர். ஆறுமுக நாவலர் சைவச் சிறார்க்கெனச் 'சைவ வினாவிடை' எழுதினார். பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான ஆல்காட் 1881இல் பௌத்த வினாவிடை நூலொன்றை வெளியிட்டார். கிறித்தவ மறைபரப்புக்கு எதிர்நிலையில் நின்றோரும் அதே வடிவத்தை எடுத்தாண்டமைக்குக் காரணம், அது சமயக் கருத்தை மட்டும் தருவதன்று, கருத்தைச் சுற்றி ஒரு வகுப்பையும் உருவாக்கித் தரும் என்பதே. எனினும் தமிழுக்கு ஆசான்–மாணாக்கர் உரையாடல் புதிதன்று. மாணாக்கர் வினவ மெய்கண்டார் விடை கூறுவதாக அமைந்த 'உண்மை விளக்கம்' முன்னரே இருந்தது. இவ்வேறுபாடு பின்னர் விளக்கப்படும்.

2. சவேரியார் முறையும் நன்னூல் நெறியும்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழறியாதவர். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தம் முறையை அவர் விவரிக்கிறார். போர்த்துக்கீசியம் அறிந்த உள்ளூரார் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்தார். மணியடித்துச் சிறாரைக் கூட்டினார். ஞாயிறுதோறும் ஊரார் அனைவரும் கூடி விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு பகுதியாகச் சேர்ந்து சொல்வர். நம்புகிறீர்களா என்று அவர் வினவ, அனைவரும் ஒருமித்து விடையளிப்பர். சிறார் தாம் கற்றதைத் தம் பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்குமாறு பணிக்கப்பட்டனர்.

இம்முறையை ஐரோப்பிய இறக்குமதி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. நன்னூற் பாயிரம் கற்றலைக் கால்களாகப் பகுக்கிறது. ஆசான் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு. பவணந்தியார் இலக்கண மாணாக்கரைக் கருதிக் கூறிய இக்கணக்கு மறைக்கல்விக்கும் அப்படியே பொருந்துகிறது. சவேரியார் கூட்டத்தில் ஆசான் பங்கு உண்மையிலேயே காற்பங்குதான். அவருடைய தமிழும் அவ்வளவே. ஒருமித்துச் சொல்லுதல் உடன்பயில்வோர் பங்கு. சிறார் வீட்டில் கற்பித்தது எஞ்சிய அரைப்பங்கு. கற்க விழைவோர் குழுவை நாடுவதன் முதற்காரணம் இங்கு வெளிப்படுகிறது. நூலும் ஆசானும் தரக்கூடியது ஒரு கால் மட்டுமே. முக்கால் பங்கு பிறரிடையே கிடக்கிறது.

இரண்டாம் காரணம் சொல் திருத்தம். அதே 1544இல் தம் உடன்பணியாளர் மன்சில்யாசுக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியார் ஒரு பிழையைத் திருத்துகிறார். 'நம்புகிறேன்' என்னும் பொருளில் மக்களுக்குக் கற்பிக்கப்பட்ட சொல் 'எனக்கு வேணும்' என்பது. அது விருப்பத்தையே குறிக்கும், நம்பிக்கையைக் குறிக்காது. இனி 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லுவிக்கவேண்டும் என்பது அவர் அறிவுறுத்தல். இந்நிகழ்ச்சி மொழிபெயர்ப்புப் பிழைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே பேசப்படுகிறது. ஆனால் மறைக்கல்வியின் இயல்பு முழுவதும் இதில் அடங்கியுள்ளது. தனியே கற்பவர் 'வேணும்' என்று பிழையாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அதை அறிய வழியில்லை. பலர் கேட்கச் சொல்லும்போதே பிழை புலப்படும். கத்தோலிக்க மரபு கோட்பாட்டில் சொற்செம்மையை வற்புறுத்துவது. அச்செம்மையைத் தனிமனிதர் தமக்குத் தாமே உறுதிசெய்துகொள்ள இயலாது என்பதால், கற்போர் தம் சொல்லைச் செவிமடுக்கும் பிறரை நாடுகின்றனர்.

3. வினவுவோர் யார்?

வினாவிடை நூல்களைத் திறனாய்வோர் எழுப்பவேண்டிய முதன்மை வினா, அந்நூலில் வினவுவது யார் என்பது. என்றீக்கசின் நூலிலும் குறிப்பிடங்களிலும் ஆசிரியரே வினவுகிறார். விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது. மாணாக்கரின் பணி அதனை நினைவிலிருந்து எடுத்துரைப்பது. இது தேர்வு வினா. ஐயத்துக்கு இங்கு இடமில்லை.

தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட்டு தெ நொபிலி (1577–1656) இந்நிலையை மாற்றினார். 1606இல் மதுரை வந்த அவர் வடமொழியும் தமிழும் கற்று, உள்நாட்டுத் தத்துவ வாதமுறையைக் கையாண்டார். அவர் பெயரில் வழங்கும் 'நித்திய ஜீவன சல்லாபம்' குருவும் சீடரும் உரையாடும் நூல். இதில் சீடர் வினவுகிறார், குரு விடையளிக்கிறார். இது 'உண்மை விளக்கம்' நின்ற மரபுக்கு அணுக்கமானது. கடற்கரையில் கற்பவர் விடை சொல்பவராக இருந்தார்; மதுரையில் கற்பவர் வினவுபவராக ஆனார். எனினும் மிகைப்படுத்தலாகாது. சீடரின் வினாவையும் எழுதியவர் குருவே. ஐயத்துக்கு இடமளிக்கப்பட்டது, ஐயம் தன் போக்கில் செல்ல விடப்படவில்லை. அவ்வாறாயினும் ஐயுற்று வினவுவதும் கற்றலின் பகுதி என்னும் ஏற்பு தமிழ்க் கத்தோலிக்க உரைநடையில் இங்கு வலுப்பெறுகிறது.

குழுவை நாடுவதற்கான மூன்றாம் காரணம் இது. அச்சிட்ட விடைக்கு அடங்காத வினாவைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். தீங்கு ஏன் உளது, இறந்த முன்னோர் என்ன ஆவர், வேறு சமயத்துப் பெற்றோரை விட்டு விலக வேண்டுமா என்பன போன்ற வினாக்களைக் குறிப்பிடத்தில் தேடினால் பொது விடையே கிடைக்கும். கேட்பவர் தேடுவது தம் வீட்டுக்குரிய விடை.

அவ்விடையைத் தரவேண்டியவராக மரபு வைத்திருந்தது உபதேசியார் எனவும் வேதியர் எனவும் வழங்கப்பட்டவரை. வீரமாமுனிவர் (1680–1747) 1727இல் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' அவர்க்கெனவே எழுந்த கைந்நூல். இலக்கிய வரலாறுகள் இதனைத் தமிழ் உரைநடையின் ஒரு படிக்கட்டாகக் குறித்து நகர்ந்துவிடுகின்றன. நூற்பெயரே அதன் நோக்கைச் சொல்கிறது: கற்பிப்பவரின் அறிவுக்கு மேலாக அவரது ஒழுக்கம் முன்வைக்கப்படுகிறது. குருக்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரக்கூடிய ஊர்களில் மறையின் கண்கூடான சான்று வேதியரின் வாழ்க்கையே. மறையைப் பற்றி அறிதல் என்பது மறையின்படி வாழ்பவர் ஒருவரை அருகிருந்து காண்பதாகவும் இருந்தது. நூலில் கிடைக்காத நான்காம் காரணம் இது.

4. மயிலை, அடையாறு, பெசன்ட் நகர்

இந்நான்கு காரணங்களையும் தென்சென்னைச் சூழலில் வைத்துக் காண்பது பயனுடையது. சவேரியார் 1545இல் ஏறத்தாழ நான்கு மாதங்கள் மயிலாப்பூரில் தங்கினார். தத்துவ போதகர் பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூரிலேயே இறுதிக் காலத்தைக் கழித்து 1656இல் மறைந்தார். இலசுப் பகுதியிலுள்ள பிரகாச மாதா கோயிலின் கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவாயிற்று. 1952இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தது. தூய தோமாவின் கல்லறை மேல் நிற்கும் சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது.

இப்பகுதி கத்தோலிக்கர்க்கு மட்டும் உரிய கற்கும் களமன்று. கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த திருமுறை முற்றோதல்கள், கதாகாலட்சேபங்கள், 1897இல் தொடங்கிய இராமகிருஷ்ண மடம், தியாகராய நகர்ச் சபாக்களின் சமயச் சொற்பொழிவுகள் என, கூடிக் கேட்டுச் சமயம் அறிதல் இங்கு ஊறிய பழக்கம். 1882 முதல் அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையோ, சேர்பவர் தம் சமயத்தை விடாமலே எல்லாச் சமயங்களையும் கற்கலாம் என்னும் கொள்கையுடையது.

இவ்விரு வகைகளுக்கும் மறைக்கல்விக் குழாத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கதாகாலட்சேபத்தைக் கேட்பவர் கேட்டுவிட்டு எழுந்து போகலாம். பிரம்மஞான சபையில் சேர்பவர் தாம் முன்னிருந்த நிலையிலேயே இருக்கலாம். மறைக்கல்வி வகுப்பில் அமர்பவர் முன் திருமுழுக்கு என்னும் வாயில் திறந்தே நிற்கிறது. அறிதலும் சேர்தலும் அங்கு ஒரே பாதையின் இரு பகுதிகள். இதனாலேயே அவ்வகுப்பு வெளியிலிருந்து ஐயத்துடன் நோக்கப்படுகிறது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றப்பட்டபோது, கற்பித்தலுக்கும் தூண்டுதலுக்கும் இடையிலான எல்லை பொதுவிவாதமானது. கற்கும் நிலைக்கும் சேரும் நிலைக்கும் இடையே போதிய காலமும் விருப்பமும் இருப்பதே அவ்வையத்துக்கு நேர்மையான விடையாக இருக்கமுடியும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பெரியவர்கள் படிப்படியாக மறையறியும் பண்டைய முறையை மீட்டமைக்குமாறு பணித்தது. 1972இல் அதற்குரிய சடங்குமுறை வெளியாயிற்று. வினவும் காலம், கற்கும் காலம், தூய்மை பெறும் காலம், பெற்றதை உணரும் காலம் என அது பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொருவர்க்கும் உடன்செல்லும் துணைவர் ஒருவர் வேண்டும். தொடக்கச் சடங்கில் குரு, வந்தவர் திருச்சபையிடம் எதை வேண்டுகிறார் என்று கேட்கிறார்; அதற்குரிய விடை நம்பிக்கை என்பது. சவேரியார் பிழையெனக் களைந்த 'வேணும்' இங்கு முறையான இடம்பெறுகிறது. வேண்டுதல் முதற்படி, விசுவசித்தல் பின்னர் வருவது.

அதே 1972இல் தொடங்கியது பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலம். பிரம்மஞான சபைத் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் பெயரால் அமைந்த குடியிருப்பில் அது எழுந்தது. ஆகத்து 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் திருவிழாவில் திரள்வோரில் பிற சமயத்தார் மிகப் பலர். அவர்கள் விசுவாசப் பிரமாணம் அறிந்து வருவதில்லை. ஒரு வேண்டுதலோடு வருகின்றனர். தமிழில் 'வேண்டுதல்' விருப்பத்தையும் நேர்த்திக்கடனையும் செபத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல். 1544இன் பிழையான மொழிபெயர்ப்பு இலக்கண நோக்கில் தவறு. மக்கள் சமயத்தை அணுகும் வரிசையை நோக்கினால் முற்றும் தவறன்று. திருத்தலத்துக்கு வருவோரில் ஒருசிலரே வகுப்பறைக்குச் செல்கின்றனர். வேண்டுதலை நிறைவேற்றிக்கொள்ள நூலோ குழுவோ தேவையில்லை. 'நான் வேண்டியது யாரிடம்' என்னும் வினா எழும்போதே இரண்டும் தேவைப்படுகின்றன.

5. குழாத்தின் குறைகள்

கூடிக் கற்றலைப் புகழ்வதோடு நின்றால் திறனாய்வு முழுமையுறாது. கூடியவர் யார், கூடவிடாமல் வைக்கப்பட்டவர் யார் என்பதும் நோக்கத்தக்கது. தத்துவ போதகர் முறை சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாக ஏற்றுக்கொண்டே இயங்கியது. உயர்சாதியினர்க்கும் ஏனையோர்க்கும் வெவ்வேறு வகைத் துறவியர் பணியாற்றினர். நெல்லைப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோயில் சாதியினரைப் பிரித்து அமர்த்தும் வகையில் இரு கிளைகளாக அமைந்தது; தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. ஒரே குறிப்பிடத்தின் ஒரே விடையை இரு பக்கத்தாரும் சொல்லினர். சொன்ன குரல்கள் சேர விடப்படவில்லை. அனைவரும் ஒரு தந்தையின் மக்கள் என்னும் பாடத்தை, அதனை மறுக்கும் இருக்கையில் அமர்ந்து ஒப்பித்த நிலை அது. வேதியரின் ஒழுக்கமே பாடம் என்றால், கட்டடத்தின் ஒழுக்கமும் பாடமே. அப்பாடம் மனனம் செய்யாமலே மனத்தில் நின்றது.

இன்னொரு குறை மொழி தொடர்பானது. இறைவனைத் 'தம்பிரான்' என்றது என்றீக்கசின் தமிழ். 'சர்வேசுரன்' என்றது தத்துவ போதகர் தமிழ். 'ஆண்டவர்', 'கடவுள்' என்கிறது இன்றைய தமிழ். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், பூசை திருப்பலியாகவும், பாவசங்கீர்த்தனம் ஒப்புரவாகவும், அர்ச்சிஷ்டர் புனிதராகவும், சேசு இயேசுவாகவும் மாறினர். 1995இன் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இப்போக்கை நிலைபெறச் செய்தது. தமிழ்மை நோக்கிலும் பொருள்விளக்க நோக்கிலும் இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால் கூடிக் கற்றலில் அதற்கு ஒரு விலை உண்டு. பாட்டி மனனமாக அறிந்த செபமும் பேரன் வகுப்பில் கற்கும் செபமும் சொல்லால் வேறுபட்டபோது, இருவரும் சேர்ந்து சொல்ல முடியாமற்போயிற்று. நன்னூல் கணக்கில் பிறர்க்கு உரைத்தலாகிய அரைப்பங்கு வீட்டுக்குள் தடைப்பட்டது. மறைக்கல்வி வீட்டிலிருந்து ஞாயிறு வகுப்புக்கு நகர்ந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகக் கருதத்தக்கது. அன்பியங்கள் எனப்படும் அண்டைவீட்டார் குழுக்கள் இழந்த இவ்வுறவை வேறு வழியில் மீட்க முயல்வன.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வினாவிடையைக் கைவிட்டு 2865 பத்திகளாக அமைந்தது. 2005இல் அதன் சுருக்கம் 598 வினாக்களாக மீண்டும் வினாவிடைக்குத் திரும்பியது. விரிவுக்கும் துல்லியத்துக்கும் பத்தி போதும்; பலர் கூடிச் சொல்ல வினாவே வேண்டும் என்பதை இத்திரும்பல் உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. கத்தோலிக்க மறையை அறிய விழைவோர் குழுவை நாடுவது செய்தி போதாமையால் அன்று; நூல்கள் என்றும் இருந்தன. உடன் சொல்வோர், சொல்லைத் திருத்துவோர், ஐயத்தைக் கேட்போர், வாழ்ந்து காட்டுவோர் ஆகிய நால்வரை நூல் தருவதில்லை. வினாவிடை வடிவம் இந்நால்வர்க்கும் இடம் விட்டு எழுதப்பட்டது. எனவே இந்நூல்களை அச்சுச் சின்னங்களாகவும் உரைநடை மாதிரிகளாகவும் மட்டும் மதிப்பிடுவது, விடப்பட்ட அவ்விடத்தை வெற்றிடம் என்று தவறாகக் கொள்வதாகும்.

அதே வேளையில், அவ்விடத்தில் யார் அமர்ந்தனர், யார் தடுப்புக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர் என்பதை வடிவ ஆய்வு மட்டும் சொல்லாது. கோயிற் கட்டட அமைப்பு, வேதியர் நியமனம், வீட்டுச் செப வழக்கு ஆகியவற்றை நூலோடு சேர்த்துப் படிக்கும்போதே 'தம்பிரான் வணக்கம்' முதல் இன்றைய மறைக்கல்வி நூல் வரையிலான வரலாறு முழுமை பெறும். முதியோரின் வாயில் மட்டும் எஞ்சியுள்ள பழைய செப வழக்குகளைப் பதிவு செய்தல் இவ்வாய்வின் உடனடித் தேவை. அவை எந்த அச்சு நூலிலும் முழுமையாக இல்லாத உரைப்பாடம். சொல்வோர் மறைந்தால் அப்பாடமும் மறையும்.